ஆற்காட்டிலிருந்து ஆர்கோவுக்கு: கைடோடு ஒரு நாள் பாறை ஏற முழு வழிகாட்டி

ஆம்பூர், ராணிப்பேட்டை, பேர்ணாம்பட்டுப் பக்கம் ஷூ கம்பெனியில் வேலை பார்ப்பவர்களுக்கு ரீவா என்று சொன்னாலே தெரியும். இத்தாலியில் கார்டா ஏரிக்கரையில் வருஷத்துக்கு இரண்டு தடவை, ஜனவரியிலும் ஜூனிலும், எக்ஸ்போ ரீவா ஷூ என்ற கண்காட்சி நடக்கும். சாம்பிள் பெட்டியைத் தூக்கிக்கொண்டு போய், ஸ்டாலில் நாள் முழுக்க நின்று, அரை யூரோவுக்காக பையர்களிடம் மல்லுக்கட்டி, ஏரியைக்கூட ஒழுங்காகப் பார்க்காமல் திரும்புகிற ஊர் அது. நானும் சில வருஷம் அப்படித்தான் போய் வந்தேன். அந்த ஸ்டாலிலிருந்து ஆறு கிலோமீட்டர் தள்ளி ஆர்கோ என்று ஒரு சின்ன ஊர் இருக்கிறது. பெயரைக் கேட்டதும் நம்ம ஆற்காடு ஞாபகம் வந்துதான் பஸ் ஏறினேன். போய்ப் பார்த்தால் ஊரெல்லாம் கயிறும் கையுமாக ஆட்கள். 1987இலிருந்து ராக் மாஸ்டர் என்ற பாறை ஏற்றப் போட்டி நடக்கிற ஊராம், 2011இல் உலக சாம்பியன்ஷிப்பே அங்கேதான் நடந்திருக்கிறது.

அடுத்த ஜூனில் கண்காட்சி முடிந்ததும் ஒரு நாள் கூடுதலாகத் தங்கி, ஒரு கைடு வைத்துக்கொண்டு ஏறினேன். கூட வந்தவர் எங்கள் கம்பெனி மெர்ச்சண்டைசர், பேர்ணாம்பட்டுக்காரர், எல்லாருக்கும் பாய். எனக்கு வயது நாற்பத்தி மூன்று, தொப்பை உண்டு. அதனால் இது வீரர்களுக்கான வழிகாட்டி இல்லை. ஒரு நாள் கையில் இருக்கிறது, ஒரு தடவை ஏறிப் பார்க்கலாமா என்று யோசிப்பவர்களுக்கு, எந்த இடத்தில் என்ன செய்ய வேண்டும் என்று எனக்கு யாராவது முன்னாலேயே சொல்லியிருந்தால் நன்றாக இருந்திருக்குமே என்று தோன்றியதெல்லாம் இதில் இருக்கிறது. ரீவா போகிறவர்களுக்கு மட்டும் இல்லை, ஐரோப்பாவில் எந்த மலைக்குப் போனாலும் முறை கிட்டத்தட்ட இதுதான்.

முதலில், போல்ட் அடித்த வழி என்றால் என்ன

பாறையில் துளை போட்டு, துருப்பிடிக்காத எஃகு போல்ட்டை இறுக்கியோ பசை வைத்தோ நிரந்தரமாகப் பதித்திருப்பார்கள். இத்தாலிக்காரர்கள் ஸ்பிட் என்பார்கள். முன்னால் ஏறுகிறவர் ஒவ்வொரு போல்ட்டிலும் ஒரு கொக்கியை மாட்டி, அதற்குள் தன் கயிற்றைச் செலுத்திக்கொண்டே போவார். கை நழுவினால் கடைசியாக மாட்டிய போல்ட் தாங்கும். ஒழுங்காகப் பதித்த ஒரு போல்ட் 25 கிலோநியூட்டன், அதாவது சுமார் இரண்டரை டன் இழுவை தாங்க வேண்டும் என்பது ஐரோப்பிய தரக்கணக்கு. நாம் இரண்டு பேரும் சேர்ந்து தொங்கினாலும் அதற்கு ஒரு பொருட்டே இல்லை.

நீளமான பாறையை ஒரே மூச்சில் ஏற முடியாது, கயிறு பத்தாது. அதனால் 25 முதல் 40 மீட்டர் வரை ஒரு துண்டு, அதற்கு பிட்ச் என்று பெயர். ஒவ்வொரு பிட்ச் முடிவிலும் இரண்டு போல்ட்டைச் சங்கிலியால் இணைத்த ஒரு நிலையம் இருக்கும். கைடு முதலில் ஏறி அங்கே தன்னைக் கட்டிக்கொண்டு, மேலிருந்து கயிற்றை இழுத்துக்கொண்டே நம்மை வரவைப்பார். கயிறு எப்போதும் தலைக்கு மேலே இருப்பதால் நாம் விழுந்தால்கூட பெரும்பாலும் கொஞ்சம் இறங்கித் தொங்குவதோடு சரி. நீண்டு விழுகிற அபாயம் கைடுக்குத்தான். அவர் விழுந்தால் பிடிக்க வேண்டியது நாம், அதைப் பிறகு சொல்கிறேன்.

ஒரு விஷயத்தில் ஏமாந்துவிடாதீர்கள். வட இத்தாலியின் டோலமைட் மலைகளில் பேர் பெற்ற பழைய வழிகள் பலவற்றில் போல்ட் கிடையாது, அந்தக் காலத்தில் அடித்த ஆணிகள்தான். 'போல்ட் அடித்த வழிதான் வேண்டும், நிலையங்களிலும் போல்ட் இருக்க வேண்டும்' என்று முதல் கடிதத்திலேயே கைடிடம் எழுதிவிடுங்கள். அப்புறம், போல்ட் இருக்கிறது என்பதற்காக அது ஜிம் சுவர் ஆகிவிடாது. இந்த மாதிரி நீள வழிகளில் ஒரு போல்ட்டுக்கும் அடுத்ததுக்கும் நான்கைந்து மீட்டர் இடைவெளி சாதாரணம், மேலிருந்து கல் விழும், மழை வந்தால் ஓடி ஒதுங்க இடம் கிடையாது.

வேலூரில் செய்ய வேண்டியது

எட்டு வாரம் போதும். கை பலத்தை நினைத்துப் பயந்து தண்டால் எடுக்க ஆரம்பித்தேன், பாதி வீண். முதல் தடவை ஏறுகிறவருக்குக் கொடுக்கிற சுலபமான சாய்பாறையில் கெண்டைக்கால்தான் உயிரை வாங்கும். வீட்டுப் படியின் விளிம்பில் முன்பாதத்தை மட்டும் வைத்து, குதிகாலைக் காற்றில் விட்டு, இரண்டு நிமிஷம் நின்று பாருங்கள், புரியும். பல் துலக்கும்போது, போன் பேசும்போது எல்லாம் அப்படி நிற்கலாம், வீட்டில் கேலி செய்வார்கள், பரவாயில்லை.

மூச்சுக்கும் முட்டிக்கும் சோளிங்கர் பெரிய மலை, 1,305 படி. இப்போது ரோப் கார் வந்துவிட்டது, அதைப் பார்க்காத மாதிரி நடந்து ஏறுங்கள். நடந்தே இறங்கவும் செய்யுங்கள், தொடை இறக்கத்தில்தான் பழகும். எனக்கு வாரம் ஒரு தடவை சோளிங்கர், நடுவில் இரண்டு நாள் ரத்தினகிரி. ஏப்ரல், மே மாதம் நம்ம வெயிலூரில் காலை ஐந்து மணிக்கு ஆரம்பித்து ஏழுக்குள் முடிக்காவிட்டால் பயிற்சியே தண்டனை ஆகிவிடும். ஏலகிரியில் சுவாமிமலை உச்சிக்கு ஒரு நாள் போய் வந்தால் நல்லது, பதினான்கு கொண்டை ஊசி வளைவையும் பைக்கில் போய்விட்டு 'ஏலகிரி ஏறினேன்' என்று கணக்கு எழுதக் கூடாது.

நம்ம ஊரைச் சுற்றி எங்கே பார்த்தாலும் பாறைமலைதானே, அங்கேயே பழகலாமே என்று தோன்றும். எனக்கும் தோன்றியது. கயிறும் சொல்லிக் கொடுக்க ஆளும் இல்லாமல் வேண்டவே வேண்டாம். சாய்பாறையில் ஏறுவது சுலபம், இறங்கத்தான் வழி தெரியாமல் பாதியில் உட்கார வேண்டிவரும். வள்ளிமலை போல சமணச் சிற்பங்கள் இருக்கிற மலைகளில் பாறையைத் தொட்டு விளையாடுவதே தப்பு. கயிறு பழக வேண்டுமென்றால் காட்பாடியில் பிருந்தாவன் பிடித்து பெங்களூர் போய்விடுங்கள். அங்கே செயற்கைச் சுவர்கள் இருக்கின்றன, மாகடி பக்கம் சாவனதுர்கா இருக்கிறது. சுமார் 1,226 மீட்டர் உயரமுள்ள மலை, ஒரே கல்லாகப் படுத்திருக்கும், போல்ட் அடித்த நீள வழிகள் உண்டு. பெங்களூர் பயிற்சியாளர் ஒருவரோடு ஒரு நாள் அங்கே ஏறியதுதான் எனக்கு மிகவும் உதவியது. 8 எழுத்து வடிவில் எட்டு முடிச்சு போடுவது, பெலே பிடிப்பது (அடுத்தவர் ஏறும்போது அவர் விழாமல் கயிற்றைப் பிடித்துக்கொள்வது), நிலையத்தில் தன்னைக் கட்டிக்கொள்வது, இந்த மூன்றும் அங்கேயே கைவந்துவிட்டால் இத்தாலியில் கொடுக்கிற காசு ஏறுவதற்குப் போகும், பாடம் கேட்பதற்குப் போகாது.

கைடு, காசு, காகிதம்

இத்தாலியில் இந்த வேலையைச் சட்டப்படி செய்ய குயிதா அல்பினா, அதாவது மலை வழிகாட்டி என்ற தகுதி வேண்டும். மலை வழிகாட்டிகளின் சர்வதேச சங்கத்தின் வட்டமான பேட்ஜ் சட்டையில் இருக்கும், அதில் ஐ.எஃப்.எம்.ஜி.ஏ., யு.ஐ.ஏ.ஜி.எம். என்று மொழிக்கு ஒரு சுருக்கப் பெயர் எழுதியிருக்கும், எல்லாம் ஒன்றுதான். ஹோட்டல் ரிசப்ஷனில் 'எனக்குத் தெரிந்த பையன் ஒருவன் கூட்டிப் போவான்' என்றால் கும்பிடு போட்டுவிட்டு வந்துவிடுங்கள்.

நீளமான வழிக்கு ஒரு கைடுக்கு அதிகபட்சம் இரண்டு பேர். நாங்கள் நாள் முழுவதற்கும் 400 யூரோ கொடுத்தோம், ஆளுக்குப் பாதி. ஹார்னஸ் (இடுப்பிலும் தொடையிலும் மாட்டுகிற பட்டை), ஹெல்மெட், கயிறு, கொக்கியெல்லாம் அவருடையது. ஷூ மட்டும் நம் பொறுப்பு. கடிதத்தில் உயரம், எடை, ஷூ அளவு, முன் அனுபவம், முட்டி வலி உள்பட எல்லாவற்றையும் உள்ளபடி எழுதுங்கள். எடையைக் குறைத்துச் சொல்வதில் பெருமை ஒன்றும் இல்லை, கைடு விழுந்தால் எதிர்முனையில் எத்தனை கிலோ இருக்கிறது என்பது அவர் தெரிந்துகொள்ள வேண்டிய கணக்கு. கடினத் தரம் பிரெஞ்சு முறையில் 4, 5எ, 5பி, 5சி, 6எ என்று போகும்; முதல் தடவைக்கு 4க்கும் 5பிக்கும் நடுவில் கேளுங்கள். மழை வந்து ரத்தானால் பணம் திரும்புமா, வேறு நாள் தருவாரா என்பதையும் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளுங்கள்.

ஷெங்கன் விசாவுக்கு எடுக்கிற 30,000 யூரோ இன்ஷூரன்ஸ் பாலிசியைப் பிரித்துப் படித்தால், பலவற்றில் பாறை ஏற்றம் விலக்குப் பட்டியலில் இருக்கும். சாகச விளையாட்டு, மலை மீட்பு, ஹெலிகாப்டர் மூன்றும் சேர்ந்த கூடுதல் பாலிசி வாங்க வேண்டும். முதல் தடவை எனக்கு பாலிசி வாங்கிக் கொடுத்த ஏஜெண்ட் 'எல்லாம் கவர் ஆகும் சார்' என்று அடித்துச் சொன்னார். எட்டாம் பக்கத்தில் கயிறு பயன்படுத்தும் எந்த ஏற்றமும் கிடையாது என்று ஒரு வரி இருந்தது. விசா தேதியும் பாலிசி தேதியும் அந்தக் கூடுதல் நாளைச் சேர்த்து இருக்கட்டும்.

ஷூ: இதில் பேச நமக்கு உரிமை உண்டு

எல்லாரும் ஒரு வரியில் தாண்டிப் போகிற விஷயம், எனக்கு மட்டும் அப்படிப் போக மனம் வரவில்லை, தொழில் புத்தி.

ஏறும் ஷூவைக் கையில் எடுத்து வளைத்துப் பாருங்கள். நம்ம லைனில் ஓடும் எந்த ஷூ மாதிரியும் இருக்காது. லாஸ்ட்டே, அதாவது ஷூவுக்கு உருவம் கொடுக்கிற கால் அச்சே, முன்பக்கம் கொஞ்சம் கட்டைவிரல் பக்கம் திரும்பியிருக்கும், மொத்த உடல் எடையும் பெருவிரல் நுனிக்கு வர வேண்டும் என்பதற்காக. சோல் மூன்றரை, நான்கு மில்லிமீட்டர் வழவழ ரப்பர், டிசைன் பள்ளமே கிடையாது. டிசைன் இருந்தால் பாறையில் ஒட்டுகிற பரப்பு குறையும். ஓரத்தைச் சுற்றி ரப்பர் பட்டை இழுத்து ஒட்டியிருப்பார்கள், அதுதான் குதிகாலை முன்னால் தள்ளி விரலைப் பெட்டிக்குள் இறுக்குகிறது.

ரப்பர் சோலுக்கும் இந்த மலைகளுக்கும் பழைய கதை ஒன்று இருக்கிறது. 1935இல் இத்தாலிய ஆல்ப்ஸில் ஒரு மலையில் ஆறு பேர் இறந்தார்கள். அவர்களோடு போயிருந்த விதாலே பிரமானி என்ற மிலான்காரர், பாறையிலும் பனியிலும் பிடிக்கிற ஒரே சோல் வேண்டும் என்று உழைத்து 1937இல் வல்கனைஸ் செய்த ரப்பர் சோலைக் கொண்டுவந்தார். அவர் பெயரின் முதல் துண்டுகளைச் சேர்த்ததுதான் வைப்ரம். எத்தனை ஆர்டருக்கு அந்த மஞ்சள் எண்கோண லேபிளை ஒட்டியிருப்போம், இதற்குப் பின்னால் ஆறு சாவு இருக்கிறது என்று எனக்கு அதுவரை தெரியாது. பாறை ஏறும் ஷூவுக்குப் பேர்போன லா ஸ்போர்டிவா கம்பெனிகூட ஆர்கோ இருக்கிற அதே திரெந்தினோ மாகாணத்தில், ஃபியெம்மே பள்ளத்தாக்கில்தான் இருக்கிறது.

அளவுக்கு வருவோம். ஒரு ஐரோப்பிய சைஸ் என்பது ஒரு பாரீஸ் பாயிண்ட், மூன்றில் இரண்டு சென்டிமீட்டர், கிட்டத்தட்ட 6.67 மில்லிமீட்டர். லைனிங் இல்லாத தோல் அப்பர் (ஷூவின் மேல்பகுதி) போகப்போக நன்றாக இளகும், சிந்தெடிக் அவ்வளவு இளகாது. இணையத்தில் 'இரண்டு சைஸ் குறைத்து வாங்கு' என்பார்கள், அது போட்டிக்காரர்களுக்கு. ஐந்தாறு மணி நேரம் போட்டிருக்கப் போகிற நமக்கு விரல் நுனி ஷூவைத் தொட வேண்டும், மடங்கக் கூடாது, அவ்வளவுதான். சொந்தமாக வாங்க வேண்டாம், ஆர்கோ கடைத்தெருவில் வாடகைக்குக் கிடைக்கிறது. முந்தின நாள் சாயங்காலம் போய்ப் போட்டுப் பாருங்கள், கால் வீங்கியிருக்கிற நேரம் அது, மறுநாள் மத்தியானம் பாறையில் இருக்கப் போகிற காலும் அதுதான். நகத்தை ஒட்ட வெட்டுங்கள். நான் வெட்டவில்லை, ஒரு பெருவிரல் நகம் கறுத்து ஆடி மாதம் வரை அப்படியே இருந்தது.

பையில் என்ன, உடம்பில் என்ன

ஜீன்ஸ் வேண்டாம், இழுபடுகிற பேண்ட். தோளை மூடும் பனியன், ஒரு மெல்லிய காற்றுச் சட்டை. ஆளுக்கு இரண்டு லிட்டர் தண்ணீர். சாப்பாட்டுக்கு எனர்ஜி பார் தேடி அலையாதீர்கள், நம்ம கடலை மிட்டாயை விடச் சிறந்தது இதுவரை வரவில்லை. சப்பாத்தியில் தக்காளித் தொக்கு தடவிச் சுருட்டி ஒன்றிரண்டு. ஆற்காடு மக்கன் பேடா ஒரு டப்பா கைடுக்குப் பரிசாகக் கொண்டு போனோம், அதைப் பையில் வைத்து மேலே ஏற்ற வேண்டாம், பாகு கசிந்து ஹெல்மெட்டெல்லாம் எறும்பு.

மோதிரத்தைக் கழற்றிவிடுங்கள். பிளவில் மாட்டி உடம்பு நழுவினால் விரலே உரிந்துபோகும், பயமுறுத்தச் சொல்லவில்லை. பெண்களுக்கு இன்னும் இரண்டு சேர்த்து: மெட்டியோடு இந்த ஷூவைப் போட முடியாது, தாலிச் சங்கிலியைச் சட்டைக்குள் விட்டு ஊசி குத்திக்கொள்ளுங்கள், பின்னலைச் சுருட்டி ஹெல்மெட்டுக்குள் அடக்குங்கள். பெலே கருவிக்குள் முடி இழுபட்டால் நடுவழியில் கத்தரிக்கோலுக்கு எங்கே போவது.

அந்த நாள்: காலை

எங்கள் பாறை ஆர்கோவுக்கு வடக்கே சார்கா பள்ளத்தாக்கில், பியெத்ராமுராத்தா என்ற ஊருக்கு மேலே இருக்கிற பிளாக்கே ஜெப்ராதே. வரிக்குதிரைப் பலகைகள் என்று அர்த்தம்: வெளுத்த சுண்ணாம்புப் பாறையில் தண்ணீர் வழிந்து கறுப்புக் கோடு கோடாக விழுந்திருக்கும், சில நூறு மீட்டருக்கு. செங்குத்து இல்லை, சாய்வு, அதனால் முதல் தடவைக்கு ஏற்றது. கிழக்கு பார்த்த பாறை, விடிந்ததும் வெயில் அடிக்கும், அதனால் கைடு காலை ஆறு மணிக்கே வண்டியோடு வந்து நின்றார். பாய்க்கு நாற்பது டிகிரி பழக்கம், 'இதெல்லாம் ஒரு வெயிலா' என்றார். வெயில் நமக்குப் பிரச்சினை இல்லை, ரப்பருக்குப் பிரச்சினை. சூடானால் சோல் இளகி வழுக்கும்.

ஜூனில் ஆல்ப்ஸ் பக்கம் மத்தியானத்துக்கு மேல் இடி மழை வரும் வாய்ப்பு எப்போதும் உண்டு. ஒரு மணிக்குள் மேலே இருந்தாக வேண்டும் என்பதை வைத்துத்தான் எல்லா நேரமும் பின்னோக்கிக் கணக்கிடப்படுகிறது. டோலமைட்டில் 2,200 மீட்டருக்கு மேல் இருக்கிற கணவாய்களுக்குப் போனால் இன்னும் கண்டிப்பாக இருப்பார்கள். கைடு வானத்தைப் பார்த்துவிட்டு 'இன்றைக்கு வேண்டாம்' என்றால் பேரம் பேசாதீர்கள்.

பாறையடிக்குப் போகும் வழியில் வீடு அளவுக்குப் பெரிய பாறாங்கற்கள் கிடக்கும். ஆம்பூர் பக்கம் பார்க்கிற மாதிரி இருக்கிறதே என்று பாய் சொன்னார். நம்ம ஊர்க் கல் மழையிலும் வெயிலிலும் இருந்த இடத்திலேயே தேய்ந்து உருண்டையானது. இது மலை சரிந்து விழுந்தது, மரோக்கே என்பார்கள், ஆல்ப்ஸிலேயே மிகப் பெரிய சரிவுகளில் ஒன்று. அதைக் கேட்ட பிறகு ஹெல்மெட்டை வண்டியிலிருந்து இறங்கியதுமே போட்டுக்கொண்டோம்.

அடிவாரத்திலேயே இயற்கை உபாதையை முடித்துவிடுங்கள். மேலே மூன்று பேரும் ஒரு சங்கிலியில் ஒட்டிக்கொண்டு நிற்கும்போது அது நடக்காது.

பிறகு சோதனை. ஹார்னஸ் இடுப்பு எலும்புக்கு மேலே இருக்கிறதா, பக்கிள் இறுகியிருக்கிறதா, எட்டு முடிச்சு ஹார்னஸின் இரண்டு வளையத்துக்குள்ளும் போயிருக்கிறதா, வால் ஒரு சாண் நீளம் இருக்கிறதா, காரபினர் என்கிற பூட்டுக் கொக்கி பூட்டியிருக்கிறதா. உங்களுடையதை அடுத்தவரும் அடுத்தவருடையதை நீங்களும் கண்ணால் பார்த்து, கையால் இழுத்து. கைடுடையதையும் பாருங்கள். நான் தயங்கினேன், அவரே 'என்னைப் பார்க்கவில்லையா?' என்று கேட்டார்.

பெலே: நம் கையில் இருக்கிற உயிர்

கைடு முன்னால் ஏறும்போது அவருடைய கயிறு நம் ஹார்னஸில் இருக்கிற கருவி வழியாக ஓடும். மேலே போகிற பக்கத்துக் கயிறு ஒரு கை, கருவியிலிருந்து கீழே வருகிற பிரேக் பக்கத்துக் கயிறு இன்னொரு கை. பிரேக் கை கயிற்றை விடவே கூடாது. மூக்கு அரித்தாலும், போன் அடித்தாலும், குளவி வந்தாலும். கயிறு அவருக்குக் கொஞ்சம் தளர்வாக, ஆனால் காலடியில் குவியாமல் போய்க்கொண்டே இருக்க வேண்டும். தானாகவே பிடித்துக்கொள்கிற கருவி கொடுத்தாலும் இந்த விதி மாறாது.

கூப்பிடும் வார்த்தைகளைக் கீழேயே பேசி முடிவு செய்யுங்கள். எங்கள் கைடு மேலே நிலையத்தில் கட்டிக்கொண்டதும் 'சோஸ்தா' என்பார், அதுவரை பெலேயை எடுக்கக் கூடாது. மிச்சக் கயிற்றை அவர் இழுக்க இழுக்க, நம் இடுப்பில் இறுகியதும் நாம் குரல் கொடுக்க வேண்டும். அவர் நம்மை மேலிருந்து பெலே போட்டபின் 'வா' என்பார், அதற்குப் பிறகுதான் நம்மை நிலையத்தோடு கட்டியிருக்கிற கொக்கியைக் கழற்ற வேண்டும். 'சாஸ்ஸோ' என்றால் கல், அண்ணாந்து பார்க்காமல் பாறையோடு ஒட்டிக்கொள்ளுங்கள். காற்றில் குரல் கேட்காத இடத்துக்குக் கயிற்றை எத்தனை தடவை இழுத்தால் என்ன அர்த்தம் என்றும் பேசிக்கொள்ளுங்கள். நாங்கள் 'வாங்க' என்ற தமிழ்ச் சொல்லையே அவருக்குக் கற்றுக்கொடுத்தோம், இரண்டாவது பிட்ச்சிலிருந்து அவர் பாயைப் பார்த்து 'வாங்கா, வாங்கா' என்று கத்தியது பள்ளத்தாக்கு முழுக்கக் கேட்டிருக்கும்.

ஏறுவது

முதல் பிட்ச்சில் தரையிலிருந்து ஐந்தாறு மீட்டர் ஏறியதும் ஒரு காரியம் செய்யுங்கள். கைடிடம் சொல்லிவிட்டு, இரண்டு கையையும் விட்டுக் கயிற்றில் உட்காருங்கள். கயிறு கொஞ்சம் நீளும், வயிறு ஒரு தடவை தூக்கிப்போடும், அப்புறம் ஊஞ்சல் மாதிரி நிற்கும். இதைக் கீழேயே செய்துவிட்டால் மேலே நூறு மீட்டரில் பயம் பாதி ஆகிவிடும். பாய் செய்ய மாட்டேன் என்றார், மூன்றாவது பிட்ச்வரை பாறையைக் கட்டிப்பிடித்துக்கொண்டே வந்தார்.

கட்டிப்பிடிப்பதுதான் சாய்பாறையில் எல்லாரும் செய்கிற தப்பு. பயந்தால் உடம்பு தானாகப் பாறையோடு ஒட்டும், ஒட்டினால் பாதத்தின் மேல் எடை இறங்காமல் வெளிப்பக்கம் தள்ளும், வழுக்கும். இடுப்பைப் பாறையிலிருந்து தள்ளி வையுங்கள், குதிகாலைத் தாழ்த்துங்கள், முன்பாதம் முழுக்கப் பாறையில் பரவட்டும். கை சமநிலைக்கு மட்டும், மார்பு உயரத்தில். எட்டி ஒரு பெரிய அடி வைப்பதைவிட மூன்று குட்டி அடி. கால் வைக்கும் இடத்தைக் கண்ணால் பார்த்து, வைத்து முடிக்கிறவரை பார்வையை எடுக்காமல், வைத்தபின் நகர்த்தாமல். கைடு எனக்கு அன்று சொன்னதில் முக்கால்வாசி இந்த ஒன்றுதான். இருபது வருஷமாக ஷூ செய்கிறேன், அதன்மேல் எப்படி நிற்பது என்று அன்றைக்குத்தான் கற்றுக்கொண்டேன்.

நின்ற இடத்தில் யோசித்துக்கொண்டே நின்றால் கெண்டைக்கால் வெடவெடக்க ஆரம்பிக்கும், நம்ம தையல் செக்‌ஷனில் மெஷின் ஓடுகிற மாதிரி. குதிகாலைக் கீழே இறக்குங்கள், நீளமாக மூச்சை விடுங்கள், நிற்கும். கீழே பார்க்கலாமா என்று கேட்பார்கள். தாராளமாக, கால் எங்கே இருக்கிறது என்று பார்க்க வேண்டுமே.

போல்ட் வந்ததும் கயிற்றைக் கொக்கியிலிருந்து எடுத்துவிட்டுப் போக வேண்டும். கடைசியாக வருகிறவர் கொக்கியையும் கழற்றி இடுப்பில் மாட்டிக்கொள்வார். பக்கவாட்டில் போகும் இடத்தில் மட்டும் அவசரம் கூடாது, முன்கூட்டியே எடுத்துவிட்டால் விழும்போது கடிகாரப் பெண்டுலம் மாதிரி ஆட வேண்டும்.

நிலையத்துக்கு வந்ததும் முதல் வேலை, பேச்சுக்கும் தண்ணீருக்கும் முன்னால், கைடு காட்டுகிற இடத்தில் உங்கள் கொக்கியை மாட்டிப் பூட்டுவது. கிளம்பும்போது அதைக் கழற்ற மறப்பதும் நடக்கும். நான்காவது நிலையத்தில் மேலிருந்து கயிறு இழுக்கிறது, நானும் ஏறப் பார்க்கிறேன், யாரோ இடுப்பைப் பிடித்து இழுக்கிற மாதிரி நகரவே முடியவில்லை. கைடு இழுக்கிறார், நான் கத்துகிறேன், அவருக்குக் கேட்கவில்லை. இரண்டு நிமிஷம் கழித்து கீழிருந்து பாய், 'அண்ணே, உங்க கொக்கி இன்னும் சங்கிலியில இருக்கு.' மறக்கலாம், ஆனால் தப்பான கொக்கியைக் கழற்றிவிடக் கூடாது. எது தாங்குகிறது என்று தெரியாத எதையும் தொடாதீர்கள், கேளுங்கள். நூறு தடவை கேட்டாலும் கைடு கோபப்பட மாட்டார்.

பக்கத்தில் மோந்தே பிரெந்தோ என்ற பெரிய செங்குத்து மலை இருக்கிறது, அதன் நெற்றியிலிருந்து பாராசூட்டோடு குதிக்கிறவர்கள் வருவார்கள். திடீரென்று துணி கிழிகிற மாதிரி ஒரு சத்தம் கேட்டால் நம் கயிறு அறுந்துவிட்டது என்று நினைக்க வேண்டாம்.

இறங்குவது

நாங்கள் எட்டு பிட்ச் முடித்து மேலே போனபோது பன்னிரண்டரை. கொஞ்ச நேரத்தில் ஏரிப் பக்கத்திலிருந்து ஓரா என்கிற தென்காற்று எழும்பியது, மத்தியானமானால் தினமும் வருமாம். கடலை மிட்டாய் தின்றுவிட்டு ஷூவைக் கழற்றியதுதான் அன்றைய நாளின் பெரிய சுகம்.

இந்தப் பாறையில் நடந்தே இறங்கப் பாதை இருக்கிறது. பாதை என்றதும் மனசு தளர்ந்துவிடும், அங்கேதான் ஆபத்து. களைத்த கால், சரளைக் கல், சில இடத்தில் கீழே பள்ளம். கைடு சொல்கிறவரை ஹெல்மெட்டையும் ஹார்னஸையும் கழற்றாதீர்கள்.

சில வழிகளில் கயிற்றில்தான் இறங்க வேண்டும். அப்போது உங்கள் வேலை குறைவு, ஆனால் ஒவ்வொன்றும் முக்கியம். கருவிக்குள் கயிற்றின் இரண்டு இழையும் போயிருக்கிறதா, கயிற்றின் இரண்டு நுனியிலும் முடிச்சு இருக்கிறதா, கருவிக்குக் கீழே, கை நழுவினால் பிடிக்கிற பிடிசுருக்குக் கயிறு போட்டிருக்கிறதா. கருவியில் எடையை இறக்கி அது தாங்குகிறது என்று பார்த்தபிறகுதான் நிலையத்துக் கொக்கியைக் கழற்ற வேண்டும். நன்றாக ஏறத் தெரிந்தவர்களே சறுக்குகிற கட்டம் இது, நுனியில் முடிச்சு இல்லாத கயிற்றில் இறங்கி, முடிந்தது தெரியாமல் போய்விடுவார்கள்.

அவசரத்துக்கு எண் 112. போன் எடுக்காத இடத்தில் ஒரு நிமிஷத்துக்கு ஆறு தடவை விசில் அல்லது டார்ச், ஒரு நிமிஷம் இடைவெளி, மறுபடி ஆறு. பதிலுக்கு நிமிஷத்துக்கு மூன்று வந்தால் அவர்களுக்குக் கேட்டுவிட்டது. ஹெலிகாப்டர் வந்தால் இரண்டு கையையும் வி மாதிரி மேலே தூக்கினால் உதவி வேண்டும். ஒரு கை மேலே, ஒரு கை கீழே என்றால் வேண்டாம். குஷியில் இரண்டு கையையும் ஆட்டி டாட்டா காட்டிவிடாதீர்கள்.

கைடுக்கு டிப்ஸ் கட்டாயமில்லை, காபி வாங்கிக் கொடுத்தால் சந்தோஷப்படுவார்கள். எங்களவர் மக்கன் பேடாவை ஒரு வாய் வைத்துவிட்டு, இரண்டாவதை எடுத்துக்கொண்டு, இது எப்படிச் செய்வது என்று கேட்டார். பாய் அரை மணி நேரம் சொன்னார்.

ஷூவை வாடகைக் கடையில் கொடுப்பதற்கு முன்னால் ஈரத்துணியால் சோலைத் துடைத்துவிடுங்கள். கடைக்காரப் பெண் என் ஜோடியைத் திருப்பி, பெருவிரல் பக்கம் ரப்பர் தேய்ந்திருப்பதைக் கட்டைவிரலால் தடவிப் பார்த்து, நன்றாக நின்றிருக்கிறீர்கள் என்றார். மறுநாள் காலை எனக்கு எந்த ஷூவும் போட முடியவில்லை. சாம்பிள் பெட்டியில் நாற்பது ஜோடி இருந்தும் சென்னைவரை ரப்பர் செருப்பில்தான் வந்தேன், ஒரு ஜோடி செருப்பைக் கைப்பையிலேயே வைத்துக்கொள்ளுங்கள்.